இருக்கிறது ஒரு சிற்றி, வேலை இன்னொரு சிற்றி: ரெண்டுக்கும் வரி கட்டோணுமோ? (ஒஹாயோ கணக்கு)

கொக்குவில்_பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில ஒரு ஒஃபிஸில அமெரிக்க ஆக்களின்ர டாக்ஸ் ரிட்டர்ன் செய்யிற வேலைக்கு சேர்ந்திருக்கிறன். ஃபெடரல், ஸ்டேட் ரெண்டும் ஓரளவு பிடிபட்டிட்டுது, ஆனா இந்த லோக்கல் இன்கம் டாக்ஸ் எண்டுற சாமான்தான் தலைக்குள்ள ஏறுதில்ல. எங்கட ஊரில சம்பளம் மாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல போனா ஏபிஐடி எண்டு கழிச்சு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புவினம், மாநகர சபைக்கு வீட்டுக்கு சோலைவரி கட்டுவம், அவ்வளவுதானே, சம்பளத்தில சபைக்கு ஒரு சதமும் போறேல்ல. அங்க என்னெண்டா சிற்றிக்காரரே சம்பளத்தில கை வைக்கினம்.

இப்ப கையில இருக்கிற கேஸ் இது. ஆள் வேலை செய்யிறது கொலம்பஸில, இருக்கிறது பக்கத்தில ஒரு சின்ன சிற்றியில. டபிள்யூ-2 இல (கொம்பனி குடுக்கிற வருசச் சம்பளப் பத்திரம்) பொக்ஸ் 1 இல, அதாவது ஃபெடரல் வரிக்குரிய சம்பளம், 54,000, பொக்ஸ் 18 இல, சிற்றி வரிக்குரிய சம்பளம், 60,000, பொக்ஸ் 19 இல, வெட்டின சிற்றி வரி, 1,500, பொக்ஸ் 20 இல கொலம்பஸ் எண்டு கிடக்கு. இருக்கிற சிற்றியின்ர வரி 2%. அப்ப அங்கயும் 1,200 டொலர் கட்டோணுமோ? மொத்தம் 2,700 வருது, பாவம் அந்த மனுசன். அதோட கிழமையில ரெண்டு நாள் வீட்டில இருந்துதான் வேலையாம். சீனியரிட்டக் கேட்டா "கிரெடிட்டைப் பாரும்" எண்டு ஒரு வசனத்தோட முடிச்சிட்டார். ஆராவது விளங்கப்படுத்துங்கோ ப்ளீஸ்.

நைட்_ஷிப்ட்_திருநெல்வேலி:

நானும் உதே வேலைதான், வேற ஒஃபிஸ். முதல் பொக்ஸ் 18 ஐ சொல்லுறன், ஏனெண்டா புதுசா வாற எல்லாரும் முழிக்கிற இடம் அது. ஆள் 401(கே) ஓய்வூதியத்துக்கு 6,000 போட்டிருப்பார், ஃபெடரலுக்கு அது கழிபடும், ஆனா ஒஹாயோ சிற்றியள் அதைக் கழிக்க விடாது, அதாலதான் 18 கூடவா நிக்குது. பொக்ஸ் 5 ஐயும் (மெடிக்கெயார் வரிக்குரிய சம்பளம்) பாருங்கோ, அதிலயும் அனேகமா 60,000 தான் இருக்கும். சொஃப்ட்வெயார் சிலநேரம் பொக்ஸ் 1 ஐத் தூக்கி சிற்றி ரிட்டர்னில போட்டிடும், அதை அப்பிடியே விட்டீங்களெண்டா பேந்து சிற்றியில இருந்து கடிதம் வரும், கஸ்டமர் உங்களைத்தான் தேடுவார்.

ஒஹாயோ_அண்ணை:

தங்கச்சி, உங்கட சீனியர் சொன்னது சரிதான், ஆனா அந்த ஒரு வசனத்துக்குள்ளதான் எல்லாக் கூத்தும் இருக்கு.

ஒஹாயோவில வேலை செய்யிற சிற்றிக்குத்தான் முதல் உரிமை. கொலம்பஸ் 2.5%, அதுதான் 60,000 இல 1,500 கொம்பனியே வெட்டிக் கட்டியிருக்கு, அது சரி. பிறகு இருக்கிற சிற்றி வந்து, நீ என்ர ஆள், நீ எங்க உழைச்சாலும் எனக்கும் 2% தா எண்டு கேக்கும், ஆனா "வேற சிற்றிக்குக் கட்டினதை இவ்வளவுக்குக் கழிச்சு விடுறன்" எண்டும் சொல்லும். அந்தக் கழிவுதான் கிரெடிட், அந்த "இவ்வளவு" சிற்றிக்கு சிற்றி மாறும். முழுக் கிரெடிட் குடுக்கிற ஊரெண்டா உங்கட ஆள் அங்க ஒண்டும் கட்டத் தேவையில்ல, பாதி எண்டா 600 கட்டோணும், ஒண்டுமே குடுக்காத ஊரெண்டா முழு 1,200 உம்தான். கொலம்பஸில கூடக் கட்டின அரை வீதத்தை இருக்கிற ஊர் திருப்பித் தராது, அதை மறந்திடுங்கோ. ஆகவே முதல் வேலை அந்த சிற்றியின்ர வெப்சைட்டில கிரெடிட் வீதத்தையும் அதின்ர உச்சத்தையும் பாக்கிறது. அந்த ஊர் ரீட்டா மாதிரி ஒரு வசூல் ஏஜென்சியில சேர்ந்திருந்தா அவையின்ர பட்டியலில ரெண்டும் பக்கத்தில பக்கத்தில கிடக்கும்.

விலாசத்தையும் நம்பாதேங்கோ. தபால் விலாசத்தில கொலம்பஸ் எண்டு இருக்கும், ஆனா வீடு டவுன்ஷிப்பில, அதாவது எந்தச் சிற்றியிலயும் சேராத பகுதியில, இருக்கும். டவுன்ஷிப்புக்கு இன்கம் டாக்ஸ் போட அதிகாரம் இல்ல. அதோட ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வரி எண்டு இன்னொண்டு சில இடங்களில இருக்கு, அது இருக்கிற இடத்தை மட்டும் வச்சுத்தான், சிற்றிக்குக் கட்டினது அதில கழிபடாது, ஸ்டேட்டுக்குத்தான் எஸ்டி 100 ஃபோமில போகும். இதை விட்டுட்டு ரிட்டர்ன் அனுப்பிற ஆக்கள் கனக்க.

கொக்குவில்_பிள்ளை:

ஐயோ அண்ணை, இப்பத்தான் வெளிக்குது, மெத்தப் பெரிய உதவி. பாத்திட்டன், அந்த சிற்றி 2% வரைக்கும் முழுக் கிரெடிட் குடுக்குது. அப்ப வீட்டில இருந்து செய்த ரெண்டு நாளுக்குக் கொலம்பஸிட்ட ரீஃபண்ட் கேக்கலாமோ? ஆள் அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கிறார்.

ஒஹாயோ_அண்ணை:

கேக்கலாம். கொரோனா நேரம் ஒரு தற்காலிகச் சட்டம் போட்டு வீட்டில இருந்து செய்தாலும் ஒஃபிஸ் இருக்கிற சிற்றிக்கே வரி எண்டு வச்சிருந்தவை, அது 2021 முடிவோட காலாவதியாப் போச்சுது. 2022 இல இருந்து எந்த நாள் எங்க இருந்து வேலை செய்தியோ அந்த ஊருக்குத்தான்.

ஆனா ஆளுக்கு முதலே கணக்கைக் காட்டுங்கோ, இல்லாட்டி 600 டொலர் கைக்கு வருது எண்டு குதிப்பார். அஞ்சில ரெண்டு பங்கு எண்டா 24,000, கொலம்பஸ் 600 ஐத் திருப்பித் தரும். ஆனா அந்த 24,000 க்கு இப்ப வேற சிற்றிக்கு வரி கட்டேல்லத்தானே, அப்ப கிரெடிட்டும் இல்ல, இருக்கிற சிற்றி அதில 2%, 480 கேக்கும். கடைசியில மிஞ்சுறது 120. டவுன்ஷிப்பில இருக்கிற ஆளெண்டா முழு 600 உம் பொக்கெற்றுக்குள்ள, அவையள்தான் உண்மையில கெட்டிக்காரர். இருக்கிற சிற்றியில 200 டொலருக்கு மேல நிலுவை வாற ஆளெண்டா அடுத்த வருசம் காலாண்டுக்குக் காலாண்டு முற்கட்டணமும் கட்டோணும், அதையும் சொல்லி வையுங்கோ.

சூரிச்_சித்தப்பா:

இஞ்ச சுவிஸில உந்தக் கரைச்சல் இல்ல பிள்ளை. ஓல்ட்டனில இருந்து சூரிச்சுக்கு ரெயினில தினமும் போய் வேலை செய்தாலும் வரி ஓல்ட்டனுக்குத்தான், டிசம்பர் 31 அண்டைக்கு எங்க பதிவோ அந்த ஊருக்கு முழு வருசத்துக்கும். எங்கட சனம் வீடு மாறேக்க வாடகையைப் பாக்கினம், கொம்யூன் (ஊர்ச்சபை) வரி வீதத்தைப் பாக்கினமில்ல, அதுதான் எனக்கு விளங்காத விசயம்.

நைட்_ஷிப்ட்_திருநெல்வேலி:

ஒஹாயோவில படிச்சதை மற்ற ஸ்டேட்டுக்குக் கொண்டு போகாதேங்கோ. நியூயோர்க் சிற்றி அங்க இருக்கிற ஆக்களிட்ட மட்டும்தான் எடுக்கும், வெளியில இருந்து வந்து வேலை செய்யிற ஆக்களுக்கு இருந்த வரியை 1999 இல எடுத்துப்போட்டினம். டெட்ரோயிற்றில இருக்கிற ஆளுக்கு 2.4%, வந்து போற ஆளுக்கு அதில பாதி. இண்டியானாவில ஜனவரி 1 அண்டைக்கு எந்தக் கவுண்டியில (மாவட்டம் மாதிரி) இருந்தீங்களோ அந்தக் கவுண்டிக்குத்தான் வரி. ஃபிலடெல்ஃபியா ரெண்டு பேரையும் விடாது, வெளி ஆளுக்கு வீதம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

கொக்குவில்_பிள்ளை:

120 டொலர் எண்டதும் ஆள் கொஞ்சம் சோர்ந்து போனார், எண்டாலும் கேக்கத்தான் சொல்லுறார். என்னென்ன ஆதாரம் வேணும்?

ஒஹாயோ_அண்ணை:

எந்தெந்தத் திகதி எங்க இருந்து வேலை செய்தவர் எண்டு ஒரு பட்டியல், அதை கொம்பனி உறுதிப்படுத்தின கையெழுத்து, டபிள்யூ-2 கொப்பி. லீவு நாள், அரச விடுமுறை எல்லாத்தையும் வீட்டில செய்த நாள் எண்டு சேர்க்க விடாதேங்கோ, அப்பிடிச் சேர்த்திருந்தா சிற்றிக்காரர் விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பிப்போடுவினம். கையெழுத்தை இப்பவே கேக்கச் சொல்லுங்கோ, ஏப்ரல் கிட்ட வந்தா எச்ஆரில ஒருத்தரும் ஃபோனே எடுக்க மாட்டினம்.