கலைச்சொல் வேண்டும்: தசைநாண் எடுத்த இடத்து வலி (வெள்ளிக்கிழமைக்குள்)

இயன்முறை மருத்துவர், கோவை:

அனைவருக்கும் வணக்கம். முழங்கால் மூட்டுக்குள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் முன்சிலுவைத் தசைநார் (ACL) அறுந்து, மறுகட்டமைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்காக ஒரு வலிக் குறிப்பேட்டைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நெறிமுறைக் குழுவின் முன் வைத்தாக வேண்டும்.

அறுந்த நாரை வெறுமனே தைத்தால் பெரும்பாலும் நிலைப்பதில்லை. அதனால் நோயாளியின் உடலிலேயே வேறோர் இடத்திலிருந்து தசைநாணை எடுத்துப் பொருத்துகிறார்கள். முழங்காற்சில்லுக்குக் கீழிருந்து எடுக்கலாம், பின்தொடைத் தசையிலிருந்து எடுக்கலாம், சில்லுக்கு மேலே, முன்தொடையிலுள்ள நாற்றலைத் தசையின் நாணிலிருந்தும் எடுக்கலாம். ஆகவே இரண்டு வலிகள்: நாண் போய்ச் சேர்ந்த மூட்டில் ஒன்று, நாணைப் பறிகொடுத்த இடத்தில் இன்னொன்று. பின்னதை 'டோனர் சைட் பெயின்' என்கிறார்கள். இரண்டுக்கும் 0 முதல் 10 வரை தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். 'கொடையாளர் தள வலி' என்று ஒருவர் மொழிபெயர்த்துத் தந்தார். அதைப் படித்த நோயாளி, "எனக்கு யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்:

அந்த நோயாளி கேட்டது இலக்கணக் கேள்வி. கொடுப்பவன் ஒருவன், கொள்பவன் வேறொருவன் என்றால்தான் கொடை. தொல்காப்பியம் ஈ, தா, கொடு மூன்றையும் இரவின் கிளவி என்கிறது. இழிந்தோன் கேட்பது ஈ, ஒப்போன் கேட்பது தா, உயர்ந்தோன் கேட்பது கொடு. முழங்கால் தொடையிடம் இரக்கிறது; தொடை மேலே இருப்பது; ஆகவே அது 'ஈவிடம்'. கணுக்காலருகே இருந்தும் நாண் எடுப்பதுண்டாம். அப்போது மூட்டு உயர்ந்தோன், 'கொடையிடம்' பொருந்திவிடும்!

விளையாட்டு நிற்க. என் முன்மொழிவு 'கொய்விடம்'. செடியை விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் எடுப்பதே கொய்தல். 'வலி' என்பதையும் நான் ஏற்கவில்லை. வள்ளுவருக்கு வலி என்றால் ஆற்றல். 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். எனவே 'கொய்விட நோவு'.

பொறியாளர், சிங்கப்பூர்:

> எனவே 'கொய்விட நோவு'.

ஐயா, இதைப் படிவத்தில் போட்டால் நோயாளி மூணாறுக்குத் தேயிலை பறிக்கப் போய்விடுவார். எளிதாக 'எடுப்பிட வலி' என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்த இடம், எடுப்பிடம். புறப்படும் இடம் புறப்பாடு ஆகவில்லையா?

பேராசிரியர், தஞ்சாவூர்:

புறப்பாடு இடப்பெயர் அன்று, தொழிற்பெயர். 'எடுப்பிட வலி'யை அவசரத்தில் எல்லோரும் 'எடுபிடி வலி' என்று வாசிப்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு முறிவு அறுவை மருத்துவர், மதுரை:

சொல்லைத் தேடுமுன் பொருளைக் கொஞ்சம் பாருங்கள். 'இடம்' என்றதும் எந்த இடம் என்ற கேள்வி வருகிறது.

பின்தொடை நாண்களை எடுக்க நாங்கள் தொடையைக் கீறுவதில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கீழ்க்கால் எலும்பின் உட்பக்கத்தில் சிறு கீறல் போட்டு, அங்கே வந்து ஒட்டும் இரண்டு நாண்களை ஒரு கருவியால் மேல்நோக்கி உருவி எடுக்கிறோம். தையல் இருப்பது கீழே. நோயாளிக்குச் சுண்டியிழுப்பதோ தொடையின் பின்பக்கம். குதிகாலைப் பின்னுக்கு மடக்கும்போது அங்கே பிடிக்கும்.

சில்லுக்குக் கீழே உள்ள நாணின் கதை வேறு. நடுவிலுள்ள மூன்றில் ஒரு பங்கை, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு, இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுக்கிறோம். எலும்பு எலும்போடு ஒட்டுவதால் பிடிப்பு உறுதி. விலையாக முழங்காலின் முன்பக்க வலி வருகிறது, அதிலும் மண்டியிடும்போது. இங்கே கீறல், எடுத்த இடம், வலிக்கும் இடம் எல்லாம் ஒன்றே. மூட்டு வலியும் அதற்குப் பக்கத்திலேயே. 'எடுப்பிட வலி எவ்வளவு?' என்றால் நோயாளி எதைச் சொல்வார்? 'மண்டியிட்டால் எவ்வளவு வலிக்கிறது?' என்றால் உடனே விடை வரும். தொழுகைக்கும் செபத்துக்கும் மண்டியிடுகிறவரிடம் எந்த நாணை எடுப்பது என்று முடிவு செய்யுமுன் இதைப் பேசியே ஆக வேண்டும்.

நாற்றலை நாணில் இந்த மண்டியிடும் தொல்லை குறைவு. ஆனால் முன்தொடையின் வலு திரும்பச் சிலருக்கு நாளாகும். 

பொறியாளர், சிங்கப்பூர்:

அப்படியானால் 'மண்டிவலி' என்று ஒரு சொல் கிடைத்துவிட்டதே.

பேராசிரியர், தஞ்சாவூர்:

வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கு வருவதா?

உயிரியல் ஆசிரியை, திருநெல்வேலி:

எல்லோரும் ஒன்றைக் கவனிக்காமல் போகிறீர்கள். நான் வகுப்பில் சொல்லித்தருவது இதுதான்: எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார், தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். நாளிதழ்கள் இரண்டையும் தசைநார் என்றே எழுதிப் பிள்ளைகளைக் குழப்புகின்றன. இப்போது மருத்துவர் ஐயா சொன்ன 'சில்லுக்குக் கீழே உள்ள நாண்' எதை எதோடு பிணைக்கிறது? சில்லும் எலும்பு, கீழ்க்காலும் எலும்பு. அப்படியானால் அது நார்தானே?

இரண்டு சொல்லும் ஒரே குறளில் வருகின்றன என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'நாணாமை நாடாமை நாரின்மை யாதொன்றும் பேணாமை பேதை தொழில்', 833. அங்கே நார் என்றால் அன்பு. பிணைப்பது எதுவோ அது நார்!

அறுவை மருத்துவர், மதுரை:

ஆசிரியை சொல்வது சரி. உடற்கூற்றியல் நூல்களில் அதற்கு நார் என்ற பொருளில்தான் பெயர். ஆனால் சில்லே நாற்றலைத் தசையின் நாணுக்குள் முளைத்த எலும்பு என்பதால், அதன் தொடர்ச்சியைப் பழக்கத்தில் நாண் என்கிறோம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பொருத்திய நாண் மூட்டுக்குள் மாதக்கணக்கில் உருமாறி நாரின் அமைப்பை நெருங்குகிறது. 1986இல் முயல்களில் இதை விவரித்து 'லிகமென்டைசேஷன்' என்று பெயர் வைத்தார்கள்.

பேராசிரியர், தஞ்சாவூர்:

நாராதல்! இதற்கு வாக்கெடுப்பே வேண்டாம்.

ஆசிரியைக்கு ஒன்று. நாணாமையில் உள்ள நாண் வெட்கம். வில்லின் நாணும் அதுவும் ஒரே வேரா என்பதை நாம் 2 திங்கள் முன்பே பேசி முடிக்காமல் விட்டோம். இரண்டும் 'நள்' என்னும் அடியில்…

இயன்முறை மருத்துவர், கோவை:

ஐயா, 'நள்' வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரட்டும். இன்று புதன்.

ஆசிரியர், யாழ்ப்பாணம்:

நோவு பழஞ்சொல் என்று ஒதுக்குவோர் கவனத்துக்கு: எங்களுக்கு அது அன்றாடச் சொல். எங்கள் வீடுகளில் கால் நோகும். நோ எண்ணெய் பூசிக்கொள்வோம். கோவையில் விளங்காது என்றால் விளங்காது என்று சொல்லுங்கள், வழக்கொழிந்தது என்று சொல்லாதீர்கள்.

பிறர் உடலிலிருந்து, இறந்தவரிடமிருந்து, எடுத்த நாணைப் பொருத்துவதும் உண்டல்லவா? அவர்களுக்கு அந்தக் கட்டத்தை என்ன செய்வீர்கள்?

அறுவை மருத்துவர், மதுரை:

நல்ல கேள்வி. பிறவொட்டு, அதாவது பிறர் நாண், பெற்றவர்களுக்கு எடுத்த இடமே இல்லை. கோடு போட்டு அடித்துவிட வேண்டும். வலி குறைவு என்று எல்லோரும் அதைக் கேட்பதற்கில்லை. ஓடியாடும் இளவயதினருக்கு அது மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு கூடுதல்.

இயன்முறை மருத்துவர், கோவை:

எல்லோருக்கும் நன்றி. முடிவைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் 'நாண் எடுத்த இடத்து வலி' என்று இருக்கும். அதன் கீழ் மூன்று கேள்விகள்: மண்டியிடும்போது, குதிகாலைப் பின்னுக்கு மடக்கும்போது, படியிறங்கும்போது. பக்கத்தில் காலின் முன்பக்க, பின்பக்கப் படங்களை வைத்து வலிக்கும் பகுதியை நிழலிடச் சொல்கிறேன். சில்லுக்குக் கீழ் வெளிப்பக்கம் தோல் மரத்துப்போவதைப் பலர் வலிக் கட்டத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அது கீறலில் சிறு நரம்புக் கிளை அறுபடுவதால் வருவது, அதற்குத் தனி வரி. முதல் வரைவில் படத்தின் மேல் 'வலி மிகும் இடங்கள்' என்று எழுதியிருந்தேன். என் அப்பா தமிழாசிரியர். பார்த்துவிட்டு, "வலி மிகா இடங்கள் எந்தப் பக்கத்தில்?" என்று கேட்டார். மாற்றிவிட்டேன்.

பொறியாளர், சிங்கப்பூர்:

நான்கு சொல் நீளமா? இருந்தாலும் ஏற்கிறேன். நம் கலைச்சொல் தொகுப்பில் 'எடுப்பிடம்' இருக்கட்டும், ஆய்வுக் கட்டுரைக்கு உதவும்.

உயிரியல் ஆசிரியை, திருநெல்வேலி:

நானும் 'எடுப்பிடம்'. ஆனால் சில்லின் கீழே இருப்பது நார்.

பேராசிரியர், தஞ்சாவூர்:

'நாண் எடுத்த இடத்து வலி' பெயர் அன்று, விளக்கம். படிவத்துக்குப் போதும், மொழிக்குப் போதாது. 'வடு இருக்கும் இடம் ஒன்று, நோகும் இடம் வேறு' என்ற மருத்துவரின் தடை எடுப்பிடத்துக்கும் உண்டு என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கொய்விடத்தை மாற்றுக் கருத்தாகப் பதிவு செய்யக் கோருகிறேன்.

தொகுப்பாளர்:

பதிவு செய்தாயிற்று. எடுப்பிடம்: பெரும்பான்மை; கொய்விடம்: பேராசிரியர்; நோவு: யாழ்ப்பாணம். நாராதல் மறுப்பின்றி ஏற்கப்பட்டது. நார், நாண் வேறுபாட்டுக்குத் தனி இழை தொடங்குகிறேன். 833ஆம் குறளை அங்கே மீண்டும் யாரும் இட வேண்டாம்.