சுல்தானியா பள்ளியின் மதில்: உதவியா, தடையா?

கல்வெட்டு: போபால் சமஸ்தானத்தை 1901 முதல் 1926 வரை ஆண்ட சுல்தான் ஜஹான் பேகத்தைப் பெண்கல்வியின் தாய் என்கிறார்கள். அவர் 1903இல் திறந்த சுல்தானியா பெண்கள் பள்ளியே பர்தாவுக்குள்தான், அதாவது ஆண்கள் கண்ணில் படாமல் மதிலுக்குள்தான் நடந்தது. பர்தாவை ஆதரித்துப் புத்தகமும் எழுதியவர். இதில் விடுதலை எங்கே?

தாழம்பூ: கதவு சாத்தியிருந்ததால்தான் பிள்ளைகள் வந்தார்கள். வசதியான வீட்டுப் பெண் வழியில் யார் கண்ணிலும் படக்கூடாது, உள்ளே ஆண் வாத்தியார் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் மறுநாள் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள்.

கல்வெட்டு: அதற்கு மூடிய வண்டி, டோலி என்ற திரைபோட்ட பல்லக்கு, தூக்குகிறவர் கூலி என்று செலவு ஏறும். பெண் ஆசிரியைதான் வேண்டும் என்றால் படித்த பெண்ணுக்கு எங்கே போவது? சிறுவயதிலேயே கல்யாணமாகிப் படிப்பு நின்றுவிடுமே!

தாழம்பூ: அந்த முடிச்சை அவிழ்த்தது விடுதி. வழக்கறிஞர் ஷேக் அப்துல்லாவும் அவர் மனைவி வஹீத் ஜஹானும் 1906இல் வட இந்தியாவின் அலிகர் நகரில் தொடங்கிய பள்ளிக்கு பேகம் மாதம் 100 ரூபாய் மானியம் கொடுத்தார். 1914இல் அதன் விடுதியை அவரே போய்த் திறந்துவைத்தார். தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு டோலி எதற்கு? வெளியூர்ப் பெண்ணும் சேரலாம். அந்தப் பள்ளிதான் பிறகு கல்லூரியாக வளர்ந்தது.

வைகை: பிரசவ அறையை இருவருமே மறந்துவிட்டீர்கள். அந்தக் காலத்தில் கழுவாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்து, அந்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பார்கள். ஒரு வாரத்துக்குள் குழந்தையின் தாடை இறுகிவிடும், பால் குடிக்க வாய் திறக்காது, உடம்பு வில்லாய் விறைக்கும். இதுதான் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். கொதிக்கவைத்த கத்தரி, சுத்தமான நூல், சோப்புப் போட்டுக் கழுவிய கை இருந்தாலே பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆண் டாக்டர் நுழைய முடியாத அந்த அறைக்குள் இதைக் கொண்டுபோகப் பரம்பரை மருத்துவச்சியால்தான் முடியும். பேகம் அவர்களை விரட்டாமல் பயிற்சி கொடுத்தார். எனக்கு அவருடைய மிகப் பெரிய காரியம் இதுதான்.

கல்வெட்டு: மருத்துவச்சி பயிற்சியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1928இல் தில்லியில் அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதும், கடைசிக் காலத்தில் முகத்திரையை விட்டதும் அரியணையை மகனிடம் கொடுத்த பிறகுதானே? அதிகாரம் கையில் இருந்தபோது செய்திருக்க வேண்டும்.

தாழம்பூ: 1903இலேயே திரையை எடுத்திருந்தால் சுல்தானியாவில் ஒரு பெஞ்சுகூட நிரம்பியிருக்காது. 1920இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராகப் பெண்ணான பேகத்தை அங்கிருந்த ஆண்கள் ஏற்றுக்கொண்டதும், இவர் மார்க்கத்தை மீறமாட்டார் என்ற நம்பிக்கையில்தான்.