வீட்டிலிருந்து முழுநேர வேலை: முதலில் எதை வாங்குவது, எத்தனை செயலிகள் போதும்?

அச்சுக்கோப்பு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தொழில்நுட்பக் கையேடுகளைத் தொகுத்துத் திருத்துவது என் பணி. இதுவரை வாரத்தில் சில நாட்கள் மட்டும் வீட்டிலிருந்து செய்துவந்த வேலை, அடுத்த மாதம் முதல் முழுவதுமாக வீட்டுக்கே வருகிறது. படுக்கையறையின் ஓரத்தில் ஒரு மேசை, உயரத்தை மாற்ற முடியாத ஒரு மர நாற்காலி, ஒரு மடிக்கணினி ஆகியவையே இப்போது என்னிடம் உள்ளன. மாலையானால் பிடரி வலிக்கத் தொடங்கிவிடுகிறது. வேலைகளோ மின்னஞ்சல், ஸ்லாக் (அலுவலகக் குழு உரையாடல் செயலி), தொலைபேசி என மூன்று வழிகளில் வந்து சேர்கின்றன. எது முடிந்தது, எது நிலுவையில் இருக்கிறது என்பதை அறிய மூன்றையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

என் ஐயங்கள் இரண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாது என்பதால், பெரிய திரை, நல்ல நாற்காலி, ஹெட்செட் ஆகியவற்றுள் எதற்கு முன்னுரிமை தருவது? அடுத்து, பயனுள்ளவை என்று பரிந்துரைக்கப்படும் செயலிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. என்னைப் போன்றவருக்கு உண்மையில் எத்தனை தேவைப்படும்?

நிமிர்வு எழுதியது:

தாங்கள் குறிப்பிட்ட மூன்றையும் வாங்குவதற்கு முன்னால், அவற்றைவிட மிகக் குறைந்த செலவில் முடியும் ஒன்றைச் செய்யுங்கள்: தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிவிடுங்கள். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், கைகளுக்கு ஏற்ற உயரத்தில் அதை வைத்தால் தலை குனிகிறது, கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள்கள் தூக்கிக்கொள்கின்றன. இரண்டையும் பிரித்தால்தான் இதற்குத் தீர்வு உண்டு. பிரித்தபின் மடிக்கணினியை ஒரு தாங்கியின் மீதோ கெட்டி அட்டைப் புத்தகங்களின் அடுக்கின் மீதோ ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழாகவோ வரும்படி வையுங்கள். திரைக்கும் கண்ணுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கை நீளம், அதாவது 50 முதல் 70 செ.மீ. வரை, இருக்கலாம். இருபார்வைக் கண்ணாடி அணிபவராக இருந்தால் திரையை இன்னும் தாழ்த்த வேண்டும். இல்லையெனில் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிப்பதற்காக முகவாயை உயர்த்திக்கொண்டே இருப்பீர்கள், பிடரி வலியும் தொடரும்.

இதற்கு அடுத்தது நாற்காலி. விலையைவிட அதை எந்த வரிசையில் சரிசெய்கிறோம் என்பதே முக்கியம் என்று கருதுகிறேன். தோள்களைத் தளர்த்தி, முழங்கையை ஏறத்தாழ செங்கோணமாக மடித்து விசைப்பலகையில் கை வைக்கும்போது, முன்கை மேசைக்கு இணையாக இருக்கும் அளவுக்கு முதலில் இருக்கையை உயர்த்துங்கள். அந்த உயரத்தில் பாதம் தரையில் படியவில்லையென்றால், இருக்கையைத் தாழ்த்தாமல் பாதத்தின் கீழ் ஒரு பலகையை வையுங்கள். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இப்போதைய மர நாற்காலியில்கூட, சுருட்டிய துண்டு ஒன்றைக் கீழ்முதுகின் வளைவில் வைத்தால் வேறுபாடு தெரியும்.

திரையை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினாலும், கையேடு திருத்துபவருக்கு அது ஆடம்பரம் அன்று. மூலத்தையும் திருத்திய படியையும் அருகருகே முழு அளவில் வைத்துப் பார்க்க முடிவது பெரிய வசதி. ஆனால் அங்குலத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 1920 × 1080 புள்ளிகளைக் கொண்ட 27 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 82 புள்ளிகளே அமைகின்றன. அதே அளவுத் திரை 2560 × 1440 புள்ளிகளுடன் இருந்தால் அது 109 ஆக உயர்கிறது. நாள் முழுவதும் எழுத்துகளையே பார்க்கும் கண்ணுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புலப்படும். திரையைச் சன்னலுக்கு எதிரிலோ சன்னலை ஒட்டியோ வைக்காமல், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி மேசையைத் திருப்பிப் போடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் உள்ள ஏதாவது ஒன்றை 20 விநாடி பார்ப்பது கண்ணுக்கு ஓய்வு தரும்.

வலி குறையாமல் நீடித்தாலோ கைக்கு இறங்கினாலோ மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பணிநிரல் எழுதியது:

செயலிகளைப் பற்றிய கேள்விக்கு என் விடை: மூன்று போதும். நேரம் குறித்த நிகழ்வுகளுக்கு ஒரு நாட்காட்டி, செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு பணிப்பட்டியல், பின்னர் தேடி எடுக்க வேண்டியவற்றுக்கு ஒரு குறிப்பேடு. மின்னஞ்சலும் ஸ்லாக்கும் தொலைபேசியும் வேலை உள்ளே நுழையும் வாயில்கள் மட்டுமே. அந்த வாயில்களிலேயே வேலையைத் தேங்கவிடுவதால்தான் மூன்றையும் புரட்ட நேர்கிறது. எந்த வழியாக வந்தாலும், செய்ய வேண்டிய ஒன்று என்று தெரிந்த உடனே அது பணிப்பட்டியலுக்குப் போய்விட வேண்டும்.

எந்தப் பணிப்பட்டியல் என்பதைத் தாங்கள் பயன்படுத்தும் மின்னஞ்சலே தீர்மானிக்கட்டும். அவுட்லுக்கில் கொடியிட்ட மின்னஞ்சல்கள் மைக்ரோசாஃப்ட் டூ டூ செயலியில் தாமாகவே வந்து நிற்கும். ஜிமெயிலில் திறந்திருக்கும் மடலை அங்கிருந்தே கூகுள் டாஸ்க்ஸில் சேர்க்கலாம். டூடூயிஸ்டில் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மின்னஞ்சல் முகவரி பெறலாம். அதற்கு அனுப்பிய மடல் பணியாக மாறிவிடும். ஸ்லாக்கில் வந்த செய்தியாக இருந்தால் அதன் இணைப்பை நகலெடுத்துப் பணியின் விவரத்தில் ஒட்டிவிடுங்கள். பிறகு உரையாடலைத் தேட வேண்டியிருக்காது.

பணியை எழுதும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. ‘கையேடு, 3-ஆம் அத்தியாயம்’ என்று எழுதிவைத்தால், அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என்ன செய்ய நினைத்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். ‘3-ஆம் அத்தியாயத்தின் பட எண்களைச் சரிபார்த்து வடிவமைப்பாளருக்கு அனுப்புதல்’ என்று எழுதினால் உடனே தொடங்கலாம். வந்தது, திருத்தத்தில், ஒப்புதலுக்குக் காத்திருப்பது, முடிந்தது என்று படிநிலைகளைக் கடக்கும் கோப்புகள் பல இருந்தால், பட்டியலைவிட, ஒவ்வொரு கோப்பையும் ஓர் அட்டையாக்கிப் படிநிலைக்கேற்ப நகர்த்தும் ட்ரெல்லோ போன்ற பலகைச் செயலி பொருத்தமாக இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

குறிப்பேட்டில் என் விருப்பம் அப்சிடியன். அது குறிப்புகளைத் தங்கள் கணினியிலேயே எளிய உரைக்கோப்புகளாகச் சேமிப்பதால், அந்தச் செயலியை என்றாவது விட்டாலும் குறிப்புகள் கைவிட்டுப் போவதில்லை. குழுவாக அட்டவணைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமானால் நோஷன் வலிமையானது. அதில் எழுதுபவை முதன்மையாக அந்நிறுவனத்தின் சேவையகங்களில் இருக்கும் என்பதை அறிந்து தேர்ந்தெடுங்கள்.

கவனத்தைக் காக்கத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். ஸ்லாக்கில் அறிவிப்புகளை நிறுத்திவைக்கும் நேரத்தைக் குறித்துவிட்டு, எப்போது பதிலளிப்பீர்கள் என்பதை நிலைக்குறிப்பில் எழுதிவிட்டாலே போதும். 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்று 1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ வகுத்த பொமோடோரோ முறையைப் பலரும் பரிந்துரைப்பர். கூர்ந்து திருத்தும் வேலையில் 25 நிமிடம் என்பது மனம் ஊன்றத் தொடங்கும் நேரத்திலேயே மணி அடிப்பதாக எனக்குப் படுகிறது. 50 நிமிடமும் 10 நிமிடமும் வைத்துப் பாருங்கள்.

அலைவரிசை எழுதியது:

ஹெட்செட் பற்றி ஒரு சொல். கம்பி உள்ளதை வாங்குங்கள். வழக்கமான புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைக் கணினி பயன்படுத்தத் தொடங்கியதும், இணைப்பு பெரும்பாலும் தொலைபேசி உரையாடலுக்கான முறைக்கு மாறிவிடுவதால், பேசுவதும் கேட்பதும் தரம் தாழ்ந்துவிடும். யுஎஸ்பி கம்பி ஹெட்செட்டில் இந்தச் சிக்கல் இல்லை.

இணையத்திலும் இயன்றால் ரவுட்டரிலிருந்து ஈதர்நெட் கேபிளை இழுத்துவிடுவது நல்லது. இயலாவிட்டால், ரவுட்டர் அதே அறையில் இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும், நடுவில் சுவர்கள் இருக்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸும் பொதுவாக நன்கு வேலை செய்யும். காணொளிக் கூட்டங்களுக்குப் பதிவேற்ற வேகமும் முக்கியம். சோதித்துப் பார்க்கும்போது பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள்.

அச்சுக்கோப்பு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விசைப்பலகையும் மவுஸும் இன்றே வாங்குகிறேன், நாற்காலி அடுத்தது. இன்னும் ஓர் ஐயம். என் கோப்புகள் அனைத்தும் கூகுள் டிரைவுடன் ஒத்திசைக்கப்படுகின்றன. அதற்கு மேல் தனியாக பேக்கப் தேவையா?

பணிநிரல் எழுதியது:

கட்டாயம் தேவை. ஒத்திசைவு என்பது இரு இடங்களையும் ஒரே நிலையில் வைத்திருப்பது. ஆகவே இங்கே தவறுதலாக அழித்த கோப்பு அங்கேயும் அழியும், இங்கே சிதைந்த கோப்பு அங்கேயும் அந்தச் சிதைவோடுதான் போய்ச் சேரும். டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் கிடந்தபின் கோப்பு நிரந்தரமாக நீங்கிவிடும். மூன்று படிகள் (நகல்கள்), இரண்டு வகை ஊடகங்கள், படிகளுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. கணினியில் இருப்பது ஒன்று, டிரைவில் இருப்பது இரண்டு என்று கொண்டால், மூன்றாவதாக ஒரு வெளிவட்டு (கணினிக்கு வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க்) போதுமானது. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரியும் மேக்கில் டைம் மெஷினும் உடன் வருபவையே. அவை கோப்பின் பழைய வடிவங்களையும் வைத்திருப்பதால், திருத்துபவருக்கு மிகவும் பயன்படும்.

மடிக்கணினி நிறுவனத்துடையது என்றால், வெளிவட்டில் படி எடுக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள். அனுமதி இருந்தாலும் வட்டை மறையாக்கம் செய்தே, அதாவது கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி பூட்டியே, பயன்படுத்துங்கள். அதன் கடவுச்சொல்லை பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகத்தில் சேமியுங்கள். அமைத்து முடித்ததும், ஏதாவது ஒரு கோப்பை வெளிவட்டிலிருந்து வேறொரு கோப்புறைக்கு மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்யும்படி நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடலாம்.