கிருஷ்ணகிரியில் ரயில் கூவியதா?

பழையபேட்டைக்காரன்:
போன வாரம் இங்கே தென்பெண்ணை என்பவர் 'சிறுவயது ஓசைகள்' என்று ஒரு பதிவு எழுதியிருந்தார். 1974-இல் கிருஷ்ணகிரியில் படித்தபோது விடியற்காலை ஐந்து மணிக்கு ரயில் கூவுமாம், அந்தக் கூவலில்தான் ஊரே கண் விழிக்குமாம். அதைப் படித்துவிட்டு ஆளாளுக்கு உருகியிருக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பிறந்து அங்கேயே வளர்ந்தவன். 1974-இல் எனக்கு வயது பதினொன்று. கிருஷ்ணகிரியில் ரயில் கிடையாது. இன்றைக்கும் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் ஒரு சிறு ரயில் வந்தது உண்மை. 1941-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அவர் படித்த காலத்துக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் முன்பே தண்டவாளம் போய்விட்டது.

எங்களை எழுப்பியது எது என்று நான் சொல்கிறேன். கோட்டை மலைப் பாறையில் பட்டு இரண்டு முறை கேட்கும் பாங்கு. பால்காரரின் சைக்கிள் கேரியரில் ஒன்றோடொன்று மோதும் கேன்கள். வாசலில் சாணித் தண்ணீர் விழும் சத்தம், அதன் பின்னால் துடைப்பத்தின் சரசரப்பு. எதிர் வீட்டில் ராகி அரைக்கும் கல். எங்கள் வீட்டுக் கல்லுக்கு ஒரு சத்தம், எதிர் வீட்டுக் கல்லுக்கு வேறு சத்தம். கண்ணை மூடிக்கொண்டே யார் வீட்டில் அரைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். ஏழே கால் ஆனால் டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமியின் குரல் தெரு முனையில் தொடங்கி வீட்டுக்கு வீடு அறுபடாமல் கூடவே வரும். பள்ளிக்கு நடந்து போகும்போதே முழுச் செய்தியையும் கேட்டுவிடலாம். இத்தனை இருக்கும்போது இல்லாத ரயிலை எதற்குக் கூவ வைக்க வேண்டும்?

தென்பெண்ணை:
ஐயா, என் பதிவில் இருபது ஓசைகளை எழுதியிருந்தேன். சிலேட்டில் குச்சி கிறீச்சிடுவது, அதைக் கோவை இலையால் தேய்ப்பது, வாடகை சைக்கிள் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், ஐஸ்காரர் பெட்டி மூடியைத் தட்டுவது என்று எல்லாம் இருந்தன. உங்கள் கண்ணுக்கு ரயில் ஒன்றுதான் பட்டதா? என் மாமா வீட்டில் தங்கி ஏழாம் வகுப்பு படித்தேன். மொட்டை மாடியில் படுத்திருப்போம். விடியற்காலை ஐந்து மணிக்கு, நீளமாக மூன்று முறை கூவும். என் காதால் கேட்டேன்.

பழையபேட்டைக்காரன்:
எந்த நிலையத்தில் நின்றது அந்த ரயில்?

தென்பெண்ணை:
நின்றது என்று நான் எழுதவில்லை. கூவியது என்றுதான் எழுதினேன்.

தகடூரான்:
தருமபுரிக்காரனாக நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கு ரயில் உண்டு. பள்ளி நாட்களில் மீட்டர் கேஜ் வண்டி வரும்போது கேட்டை மூடுவார்கள். நாங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெட்டிகளை எண்ணுவோம். ரயில் ஓசைக்கு ஏங்க உரிமை உள்ள ஊர் தருமபுரிதான். எங்களுடைய நினைவைக் கிருஷ்ணகிரிக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-லேயே சிறு ரயில் வந்துவிட்டது. 1913-இல் ஓசூர் வரை நீண்டது.

பழையபேட்டைக்காரன்:
அந்த ரயிலையும் அதே 1941-இல்தான் நிறுத்தினார்கள். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். உங்களுக்கு 1906 என்றால் எங்களுக்கு 1905. ஓராண்டு முந்தியவர்கள் நாங்கள்.

தகடூரான்:
ஓராண்டு முந்தி வந்து என்ன பயன்? இன்று எங்களிடம் நிலையம் இருக்கிறது. நீங்கள் ரயில் ஏற எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லுங்கள்.

மல்பெரித் தோட்டம்:
ரயிலைக் கொஞ்ச நேரம் விடுங்கள். யாருமே எழுதாத ஒரு சத்தம் இருக்கிறது. நாங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டிலேயே பட்டுப்புழு வளர்த்தவர்கள். புழு சிறிதாக இருக்கும்வரை சத்தமே இராது. நான்காவது தோல் உரித்துவிட்டுக் கடைசிப் பருவத்துக்கு வந்ததும் இரவு பகல் பாராமல் இலை தின்னும். தட்டுத் தட்டாக அடுக்கிய ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் தின்றால் ஓட்டின் மேல் மழை தூறுவது போலவே கேட்கும். சின்ன வயதில் நடு இரவில் விழித்து, மழை என்று நினைத்துக் கொடியில் காயும் துணியை எடுக்க வெளியே ஓடியிருக்கிறேன். வானம் நட்சத்திரமாக இருக்கும். அம்மா சிரிப்பார். ஐந்தாறு நாட்கள்தான் அந்த மழை. பிறகு புழு தலையைத் தூக்கிக் கூடு கட்டத் தொடங்கிவிடும், வீடு நிசப்தமாகிவிடும். அந்த நிசப்தம் எனக்குப் பிடிக்காது. இப்போது அந்த அறையில் என் தம்பி மகன் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறான்.

தென்பெண்ணை:
அக்கா, மிக அருமை. கேட்டீர்களா பழையபேட்டைக்காரரே? மழை பெய்யாமலே மழைச் சத்தம் கேட்டிருக்கிறார். அவரிடம் போய் அன்று எத்தனை சென்டிமீட்டர் பதிவானது என்று கேட்பீர்களா?

பழையபேட்டைக்காரன்:
அந்த அம்மா மழை பெய்தது என்று எழுதவில்லை. புழு தின்றது என்று எழுதியிருக்கிறார். நீங்கள் ரயில் கூவியது என்று எழுதியிருக்கிறீர்கள். வேறுபாடு உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்வது?

கவலைவீட்டுப் பேரன்:
எங்கள் தாத்தா காலத்தில் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த கவலையைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும், உருளை கிரீச்சென்று இழுக்கும், தோல் சால் மேலே வந்து தொட்டியில் கொட்டும். மாட்டை ஓட்டுகிறவர் பாடிக்கொண்டே இருப்பார். உருளைக்கு எண்ணெய் போட்டால் சத்தம் போய்விடும் என்று தாத்தா போடவே மாட்டார், அந்தச் சத்தம் நின்றால் மாடும் நின்றுவிடும் என்பார். பிறகு ஆயில் இன்ஜின் வந்தது, டுக்கு டுக்கு என்று நான்கு வயல் தள்ளிக் கேட்கும். அதற்குப் பிறகு கரண்ட் மோட்டார். இப்போது ஆழ்துளைக் கிணறு, தண்ணீர் வருகிறதா இல்லையா என்பதே காதுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று. ராகி அரைப்பதைக் கல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் பெயர் ஏந்திரம்.

பழையபேட்டைக்காரன்:
எங்கள் வீட்டில் ராகிக்கல் என்றுதான் சொன்னார்கள். என் அம்மா சொன்ன சொல்லை நான் மாற்ற மாட்டேன்.

தகடூரான்:
திரிகை என்பதுதான் சரியான சொல்.

கவலைவீட்டுப் பேரன்:
திரிகை பாடப் புத்தகத்தில் இருக்கும். எங்கள் சமையலறையில் இருந்தது ஏந்திரம். களி தின்று வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

தகடூரான்:
களியைப் பற்றித் தருமபுரிக்காரனுக்கே பாடமா? துடுப்பு பானையின் அடியில் இடிக்கும் சத்தத்தை வைத்தே களி வெந்ததா இல்லையா என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவன் நான். வேகாத களியில் துடுப்பு தொப்தொப்பென்று விழும். வெந்த களியில் சத்தம் அடங்கிப் பானையே அசையும்.

இயற்பியல் வாத்தியார்:
ரயில் விஷயத்தில் அறிவியல் சொல்வதையும் பாருங்கள். பகலில் தரை சூடாக இருக்கும், ஒலி மேல் நோக்கி வளைந்து போய்விடும். விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று சற்றே வெதுவெதுப்பாகவும் இருக்கும். அப்போது ஒலி கீழ் நோக்கி வளையும். பகலில் கேட்காத தொலைதூரச் சத்தம் அந்த நேரத்தில் தெளிவாகக் கேட்பது இதனால்தான். ஆகவே தென்பெண்ணை சொல்வதை அடியோடு தள்ளிவிட முடியாது.

தென்பெண்ணை:
நன்றி ஐயா! படித்தவர் ஒருவராவது இங்கே இருக்கிறார்.

பழையபேட்டைக்காரன்:
வாத்தியார் ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். எவ்வளவு தொலைவு கேட்கும்? இராயக்கோட்டை நிலையத்துக்கே எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகும். குப்பமும் திருப்பத்தூரும் அதைவிடத் தூரம். நடுவில் மலைகள். குளிர்ந்த காற்று மலையைத் தாண்டி ரயில் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இவருடைய மாமா வீட்டு மாடியில் மட்டும் இறக்கிவைத்ததா? எங்கள் மாடியில் ஏன் இறக்கவில்லை?

இயற்பியல் வாத்தியார்:
அவ்வளவு தொலைவு கேட்கும் என்று நான் சொல்லவில்லை. சில கிலோமீட்டர் கூடுதலாகக் கேட்கும் என்றுதான் சொன்னேன்.

பழையபேட்டைக்காரன்:
அது போதும்.

பாலக்கோட்டான்:
அவர் கேட்டது ஆலைச் சங்காக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் சர்க்கரை ஆலைச் சங்கை வைத்துத்தான் வயலில் வேலை செய்கிறவர்கள் நேரம் பார்ப்பார்கள். கையில் கடிகாரம் கட்டியவர்கள் ஊரில் மூன்று பேர்தான். அரைவைப் பருவம் முடிந்து சங்கு நின்றால் ஒரு வாரத்துக்கு வீட்டில் சோறு நேரத்துக்கு வராது.

தென்பெண்ணை:
ஆலைச் சங்குக்கும் ரயில் கூவலுக்கும் வித்தியாசம் தெரியாத பையன் இல்லை நான்.

காவேரிப்பட்டணத்துப் பெண்:
தென்பெண்ணை அண்ணா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பாட்டி அந்தச் சிறு ரயிலைப் பற்றி நிறையக் கதை சொல்வார். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் சொல்லி, அது கேட்டது போலவே உங்கள் மனதில் பதிந்திருக்கலாம். எனக்கே அந்த ரயிலைப் பார்த்தது போல இருக்கும். நான் பிறந்தது 1969-இல்.

தென்பெண்ணை:
தங்கச்சி, என் பாட்டியை இதில் இழுக்க வேண்டாம். அவர் கதை சொல்கிற வழக்கம் உள்ளவர் இல்லை. ஐந்து மணிக்கு, மூன்று முறை. கேட்டேன்.

பழையபேட்டைக்காரன்:
லாரி ஹாரனாக இருக்கும். சென்னைச் சாலையும் பெங்களூர்ச் சாலையும் சேலம் சாலையும் கூடுகிற ஊர் எங்களுடையது. இரவெல்லாம் லாரி போகும். விடிவதற்குள் ஊர் சேர வேண்டும் என்று ஏர் ஹாரனை அழுத்திக்கொண்டே போவார்கள். ஊருக்குப் புதிதாக வந்த பையன் அதை ரயில் என்று நினைத்திருப்பான். ஓராண்டு தங்கிப் படித்தவர் எங்கள் ஊரின் ஓசையை உலகத்துக்குச் சொல்ல வந்துவிட்டார்.

தென்பெண்ணை:
ஓராண்டு இல்லை, மூன்று ஆண்டுகள். இப்போது விஷயம் வெளியே வருகிறது. உங்களுக்கு ரயில் பிரச்சினை இல்லை. வெளியூர்க்காரன் கிருஷ்ணகிரியைப் பற்றி எழுதிப் பாராட்டு வாங்கியதுதான் பிரச்சினை. போன பொங்கலுக்கு எருது விடும் விழாவைப் பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் செய்தீர்கள். மாட்டுக் கழுத்து மணியின் ஓசையைப் பற்றி எழுதினேன். ஓடுகிற மாட்டுக்கு மணி கட்டுவார்களா, சலங்கை கட்டுவார்களா என்று மூன்று நாட்கள் சண்டை போட்டீர்கள்.

பழையபேட்டைக்காரன்:
சலங்கைதான். இப்போதும் சொல்கிறேன்.

தகடூரான்:
கிருஷ்ணகிரிக்காரர்களின் குணமே இதுதான். 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி தனி மாவட்டம் ஆனதிலிருந்து எல்லாவற்றுக்கும் எல்லைக் கோடு போடுகிறார்கள். அதற்கு முன் ஒரே மாவட்டம்தானே? கூத்துக்கு ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். பாரதம் பதினெட்டு நாட்கள் நடக்கும்போது கூம்பு ஒலிபெருக்கியில் முகவீணையின் சத்தம் வயல் தாண்டி வரும். விடியற்காலையில் துரியோதனன் கர்ஜிப்பது படுக்கையில் கிடக்கும் குழந்தைக்கும் கேட்கும். அது எந்த மாவட்டத்தின் ஓசை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பழையபேட்டைக்காரன்:
நாங்கள் பிரிந்து போனோம் என்று இருபது ஆண்டுகளாக இதே பாட்டு. 1965-இல் நீங்கள் சேலத்திலிருந்து பிரிந்தீர்களே, அதற்குச் சேலத்துக்காரர்கள் இன்னும் அழுதுகொண்டா இருக்கிறார்கள்? மாம்பழம் எங்களுடையது, கண்காட்சி எங்களுடையது, அணை எங்களுடையது. ரயில் ஒன்றுதான் இல்லை. இல்லாததை இல்லை என்று சொல்லும் நேர்மையும் எங்களிடம் இருக்கிறது.

தகடூரான்:
மாம்பழமா? பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் காய்ப்பது என்ன, புளியங்காயா? மாந்தோப்பில் இரவுக் காவல் இருப்பவர் கிளியை விரட்டத் தகரம் தட்டும் சத்தம் எங்கள் பக்கத்திலும் உண்டு.

பாலக்கோட்டான்:
கிளி இரவில் வராது. இரவில் வருவது வௌவால்.

தகடூரான்:
தம்பி, நீங்கள் யார் பக்கம்?

மல்பெரித் தோட்டம்:
நான் ஓர் ஓசையைப் பற்றி எழுதினேன். அதற்கு இதுவரை ஒருவர்தான் பதில் சொன்னார், அவரும் அதை வைத்து அடுத்தவரை அடிக்கத்தான் எடுத்துக்கொண்டார். உங்கள் வீடுகளிலும் பட்டுப்புழு வளர்த்திருப்பீர்கள். எவருக்கும் அந்த மழை ஞாபகம் இல்லையா?

கவலைவீட்டுப் பேரன்:
எங்கள் பெரியப்பா வீட்டில் வளர்த்தார்கள் அக்கா. எனக்கு இலையின் மணம்தான் ஞாபகம் இருக்கிறது. ஏந்திரம் இருந்த அறைக்குப் பக்கத்து அறை.

பழையபேட்டைக்காரன்:
ராகிக்கல்.

அது இருக்கட்டும். நான் தொடங்கிய விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தச் சத்தங்களைக் கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறோம். எங்கள் தெருவில் ராகிக்கல் இருந்த பதினான்கு வீடுகளில் இன்று இரண்டு கற்கள்தான் மிச்சம். ஒன்று கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கிறது, இன்னொன்றை நான் திண்ணையில் வைத்திருக்கிறேன். என் பேத்தி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தாத்தா, இது ஏன் அழுகிறது என்று கேட்டாள். அவளுக்கு இந்தச் சத்தத்தைக் கொடுக்க என்னால் முடிகிறது, ஏனென்றால் கல் இருக்கிறது. நாளை அவள் கிருஷ்ணகிரி என்று தேடினால் தென்பெண்ணையின் ரயில்தான் முதலில் கிடைக்கும். இல்லாத ரயில் கூவிக்கொண்டிருக்கும், இருந்த கல் ஊமையாகப் போயிருக்கும். அதற்கு நான் விட மாட்டேன். 1941. திரும்பவும் சொல்கிறேன், 1941.

தென்பெண்ணை:
உங்கள் பேத்தி நன்றாக இருக்கட்டும் ஐயா. கல்லைச் சுற்றட்டும். ஆனால் நீங்கள் கேட்டதெல்லாம் வரலாறு, நான் கேட்டது மட்டும் பொய்யா? அந்த மாடி, அந்தப் பனி, என் பக்கத்தில் படுத்திருந்த மாமா மகள் 'ரயில் போகுது பார்' என்று என்னைக் கிள்ளியது வரை ஞாபகம் இருக்கிறது. அவர் இன்று பெங்களூரில் இருக்கிறார். இன்றிரவே தொலைபேசியில் கேட்டு எழுதுகிறேன்.

பழையபேட்டைக்காரன்:
தாராளமாகக் கேளுங்கள். அந்த ரயிலுக்கு எந்த நிலையத்தில் டிக்கெட் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.