கோவில்பட்டிப் பதிவர்களுக்கு ஒரே தளமா, ஆளுக்கொரு வலைப்பூவா?

கரிசல்காட்டான்:
கோவில்பட்டியில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. எங்கள் வாசகர் வட்டத்திலேயே பாதிப் பேர் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் முகநூலிலும் வாட்ஸப்பிலும் போய் விழுகிறது. கழுகுமலை வெட்டுவான் கோவிலைப் பற்றி ஒருவர் தொடராக எழுதினார். இப்போது அதன் மூன்றாம் பகுதியைத் தேடினால் அவருக்கே அகப்படவில்லை. வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிய காலத்தைப் பற்றி ஒரு அம்மா எழுதியது பெயர் இல்லாமல் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, வேறு யாரோ பெயரோடு எங்கள் குழுவுக்கே திரும்பி வந்தது.

என் யோசனை இதுதான். ஊர்ப் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி. அதில் வேர்ட்பிரஸ் மென்பொருளின் மல்டிசைட் (ஒரே நிறுவலில் பல தளங்கள்) வசதியைப் போட்டு ஆளுக்கொரு உள்தளம். முகப்பில் எல்லாருடைய புதுப் பதிவுகளும் வரும். ஒரு சின்ன ஆசிரியர் குழு இருக்கும். செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம். எதிர்க்கிறவர்கள் காரணத்தோடு எதிர்க்கலாம்.

பழையபதிவர்:
காரணத்தோடேயே எதிர்க்கிறேன்.

2004-இல் தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி வந்தபோது அது யாருடைய எழுத்தையும் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. கூகுளின் இலவசச் சேவையான பிளாக்கரில் எழுதியவர் பிளாக்கரிலும் வேர்ட்பிரஸில் எழுதியவர் வேர்ட்பிரஸிலும் இருந்தார்கள். திரட்டி அவர்களுடைய செய்தியோடையை (புதுப் பதிவுகளைத் தானாகப் பட்டியலிடும் கோப்பை) மட்டும் எடுத்து, தலைப்பையும் முதல் சில வரிகளையும் காட்டி, வாசகரை அங்கே அனுப்பியது. பிறகு திரட்டி ஓய்ந்துபோனது, ஆனால் அதில் இணைந்திருந்த பதிவுகள் அதனால் அழியவில்லை. இன்றைக்கும் தேடினால் அன்று எழுதியது வருகிறது, பின்னூட்டச் சண்டைகள் உட்பட.

உங்கள் திட்டத்தில் தளம் படுத்தால் அத்தனை பேரும் சேர்ந்து படுக்க வேண்டியதுதான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நண்பர்கள் சிலர் இப்படி ஒரு கூட்டுத் தளம் வைத்திருந்தோம். டொமைன் ஒருவர் பெயரில் இருந்தது. அவர் வெளிநாடு போனார், பழைய மின்னஞ்சலைப் பார்க்கவில்லை, புதுப்பிக்கவில்லை. எங்களுக்குத் தெரிய வருவதற்குள் அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். என் முப்பது நாற்பது கட்டுரைகள் அதோடு போயின.

நிரல்பையன்:
பழையபதிவர் அண்ணாச்சி சொல்வதில் பாதிதான் சரி. டொமைன் காலாவதியானதும் உடனே அடுத்தவன் கைக்குப் போய்விடாது. டாட் காம் போன்றவற்றில் முதலில் சில வாரம் அவகாசம் தருவார்கள், அப்புறம் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அபராதம் கட்டி எடுக்கலாம். அத்தனை நாளும் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை என்றால் கோளாறு மல்டிசைட்டில் இல்லை.

ஆனால் மல்டிசைட்டில் வேறு வம்பு இருக்கிறது. 2010-இல் 3.0 பதிப்பில்தான் இது வேர்ட்பிரஸுக்குள்ளேயே வந்தது. ஒரே நிறுவல், ஒரே தரவுத்தளம், அதற்குள் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி அட்டவணைகள். உள்தளக்காரர் எழுதலாம், பின்னூட்டத்தை நிர்வகிக்கலாம், ஆனால் கூடுதல் வசதி தரும் செருகுநிரல் ஒன்றைக்கூடத் தானாக நிறுவ முடியாது. அது மொத்தத் தளத்தையும் நிர்வகிக்கிற சூப்பர் அட்மின் கையில். அவர் ஒரு அப்டேட்டை விட்டுவிட்டு எவனாவது உள்ளே புகுந்தால் எல்லார் தளத்துக்குள்ளும் புகுந்த மாதிரிதான்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. வேர்ட்பிரஸில் ‘ஏற்றுமதி’ என்று அமுக்கினால் வரும் கோப்பில் பதிவும் பின்னூட்டமும் இருக்கும், படங்கள் இருக்காது. படங்களின் முகவரி மட்டும்தான். புது இடத்தில் இறக்கும்போது அது பழைய தளத்துக்குப் போய்ப் படங்களை எடுத்து வரும். பழைய தளம் அதற்குள் மூடியிருந்தால் வெட்டுவான் கோவில் தொடர் படமில்லாமல்தான் மிஞ்சும். அதனால் தளம் உயிரோடு இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டும். செத்த பிறகு எடுக்க முடியாது.

கம்மங்கொல்லை:
அந்தத் தீப்பெட்டிக் கட்டுரை நான் எழுதியது. பெயர் போனதில் எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட வருத்தம், அதில் நான் எழுதியிருந்த கூலிக் கணக்கை யாரோ வெட்டிவிட்டு, ‘அந்தக் காலம் எவ்வளவு இனிமை’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். இனிமையாம்! பசை நாற்றத்தில் சோறு இறங்காது.

நீங்கள் ஓடை, திரட்டி, தரவுத்தளம் என்று பேசுகிறீர்கள். நான் போனில்தான் எழுதுகிறேன். என்னிடம் கணினி இல்லை. எனக்கு வேண்டியது மூன்றே விஷயம். யாராவது தளத்தை அமைத்துத் தர வேண்டும். நம் ஊர்க்காரர்கள் படிக்க வேண்டும். அப்புறம், பின்னூட்டம் நான் பார்த்து விட்ட பிறகுதான் வெளியே தெரிய வேண்டும். பொம்பளை சொந்தப் பெயரில் எழுதினால் கீழே என்ன வரும் என்று அண்ணாச்சிமார் யாரும் இதுவரை பேசவில்லையே, அதனால் நானே சொல்கிறேன்.

பழையபதிவர்:
தங்கச்சி, நீங்கள் கேட்கிற மூன்றாவது விஷயம் பிளாக்கரிலேயே இருக்கிறது. பின்னூட்ட மட்டுறுத்தல் என்று ஒரு தெரிவு, பெயர் சொல்லாமல் எழுதும் அனானிகளை அடியோடு தடுக்க இன்னொரு தெரிவு. முதல் விஷயத்துக்கு ஒருநாள் முகாம் போதும். புதுக்கோட்டையில் அப்படித்தான் செய்தார்கள். இணையத் தமிழ்ப் பயிற்சி முகாம் நடத்தி ஆசிரியர்களையும் மற்றவர்களையும் எழுத வைத்தார்கள். 2015 அக்டோபரில் வலைப்பதிவர் திருவிழாவே அங்கே நடந்தது, வெளியூர்களிலிருந்து எல்லாம் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் பொதுத் தளம் கட்டிவிட்டா கூடினார்கள்? ஆளுக்கொரு வலைப்பூ, அடிக்கடி கூட்டம், ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் பின்னூட்டம். அவ்வளவுதான்.

கம்மங்கொல்லை:
முகாம் சரி. மறுவாரம் பாஸ்வேர்டு மறந்தால் யாரைக் கேட்பது? முகாம் நடத்தியவர் போனை எடுப்பாரா?

கரிசல்காட்டான்:
அதே கேள்விதான் எனக்கும். அண்ணாச்சி பிளாக்கரைச் சொந்த வீடு மாதிரி பேசுகிறார். வீட்டுக்காரர் கலிபோர்னியாவில் இருக்கிறார், அது ஞாபகம் இருக்கட்டும். 2012-இல் இந்தியாவிலிருந்து திறந்தால் பிளாக்கர் பதிவுகளின் பிளாக்ஸ்பாட் டாட் காம் முகவரிகள் எல்லாம் டாட் இன் என்று மாறும்படி செய்தார்கள். யாரிடமாவது கேட்டார்களா? திரட்டிகளில் பதிவை இணைப்பதும் பிடித்த பதிவுக்கு ஓட்டுப் போடுவதும் குழம்பி, பழைய முகவரிக்கே திருப்பிவிட ஆளாளுக்கு நிரல்துண்டு தேடி ஒட்டினோம். 2018-இல் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். 2020-இல் அந்த டாட் இன் டொமைனையே கூகுள் கைநழுவ விட்டது, வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அந்த முகவரியை வைத்து எத்தனை பேர் எத்தனை இடத்தில் இணைப்புக் கொடுத்திருந்தார்கள்! உங்கள் நண்பர் டொமைனைத் தொலைத்தார் என்கிறீர்கள். அவ்வளவு பெரிய கம்பெனியும் அதையேதான் செய்தது. ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவையை யாஹூ 2009-இல் மூடியது, ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-இல் போனது. இலவசமாகக் கொடுப்பவன் எப்போது கடையைக் கட்டுவான் என்று யாருக்குத் தெரியும்?

பழையபதிவர்:
டாட் இன் கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பதிவுகள் அழியவில்லை. அதே பதிவு டாட் காம் முகவரியில் அப்படியே இருந்தது, கெட்டது இணைப்பு மட்டும்தான். எங்கள் கூட்டுத் தளத்தில் பதிவே போனது. இரண்டும் ஒன்றா?

ஊர்சுற்றி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தமிழ்மணம் காலத்தைப் பொற்காலம் மாதிரி பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஓட்டுப்பட்டை வந்தது, உடனே மொய் முறையும் வந்தது. நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன். திரட்டியின் ‘சூடான இடுகை’ப் பட்டியலில் வருவதற்காகவே தலைப்பு வைப்பது. பதிவைப் படிக்காமலே ‘வடை எனக்கே’ என்று முதல் பின்னூட்டம். சண்டை போட்டால் கூட்டம், சாதிச் சண்டை என்றால் பெருங்கூட்டம். கரிசல் நிலத்தில் மானாவாரி விவசாயம் பற்றி எழுதினால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஒரே ஊருக்குள் அந்த மாதிரி ஓட்டும் தரவரிசையும் வைத்தால் மூன்று மாதத்தில் பஜாரில் ஒருவரை ஒருவர் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். எந்த ஏற்பாடானாலும் முகப்பில் தேதி வரிசை மட்டும் இருக்கட்டும். வேண்டுமானால் வலைச்சரம் என்ற கூட்டு வலைப்பூவில் செய்தது போல, வாரம் ஒருவர் பொறுப்பேற்று மற்றவர்கள் எழுதியதை அறிமுகப்படுத்தலாம். அந்தக் காலத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். யாரென்றே தெரியாத பதிவர்களை அதில்தான் கண்டுபிடித்தேன்.

கரிசல்காட்டான்:
ஓட்டு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். வாரப் பொறுப்பும் நல்ல யோசனை. ஆனால் அதையும் ஒழுங்குபடுத்த ஆசிரியர் குழு வேண்டுமே. எழுத்துப்பிழை பார்ப்பது, படத்துக்குக் குறிப்புச் சேர்ப்பது, நீளமாக இருந்தால் வெட்டுவது...

கோர்ட்வாசல்:
‘வெட்டுவது’ என்ற இடத்தில் நிறுத்துங்கள் சார். தொழில் புத்தி, மன்னிக்கவும்.

அடுத்தவர் எழுத்தை ஏற்றி வைத்திருக்கிற தளத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு ஒரு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் நிபந்தனை உண்டு. அதில் ஒன்று, தளம் நடத்துகிறவர் உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுப்பதோ மாற்றுவதோ கூடாது. ஆசிரியர் குழு உட்கார்ந்து இதைப் போடலாம், அதை வெட்டலாம் என்று முடிவு செய்தால், ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்று அப்புறம் வாதாடுவது கஷ்டம். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது என்று பதில் சொல்ல வேண்டும். உங்களில் யார் அந்த அலுவலர்?

நம் ஊரில் எழுதுவது என்றால் வெட்டுவான் கோவிலோடு நிற்காது. ரேஷன் கடை வரும், பள்ளிக் கட்டணம் வரும், கவுன்சிலர் வருவார். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு இன்னும் குற்றவியல் குற்றம்தான். தனி வலைப்பூ என்றால் நோட்டீஸ் எழுதியவருக்குப் போகும். பொதுத் தளம் என்றால் டொமைன் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும் ஒரு பிரதி போகும்.

பழையபதிவர்:
இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோர்ட்வாசல்:
இல்லை, நான் உங்கள் கட்சி இல்லை. நோட்டீஸ் வரும்போது தனியாக எழுதுகிறவர் பதிவைத் தூக்கிவிட்டு வாயை மூடிக்கொள்வார், எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். பின்னால் ஒரு அமைப்பு இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். அதனால் ஒரு சங்கமாகப் பதிவு செய்யுங்கள் என்கிறேன். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். டொமைன், வங்கிக் கணக்கு எல்லாம் சங்கத்தின் பெயரில். எழுத்தில் கை வைக்காதீர்கள். முகப்பில் வரிசைப்படுத்துங்கள், அவ்வளவே.

நிரல்பையன்:
இரண்டும் சேர்ந்த வழி ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே பிளாக்கரோ வேர்ட்பிரஸோ வைத்திருக்கிறவர்கள் அங்கேயே இருக்கட்டும், அவர்களுடைய ஓடையை முகப்பு இழுத்துக்கொள்ளும். டெபியன், க்னோம் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் ஆட்கள் ‘பிளானெட்’ என்று பல வருஷமாக இப்படித்தான் நடத்துகிறார்கள். கம்மங்கொல்லை அக்கா மாதிரி இருப்பவர்களுக்கு மட்டும் நம்மிடம் உள்தளம். வேர்ட்பிரஸ் 4.5 பதிப்பிலிருந்து உள்தளத்துக்குத் தனி டொமைனே மாட்டலாம், நாளைக்கு அவர் விலகினாலும் முகவரி அவரோடு போகும். மாதா மாதம் ஒவ்வொருவருக்கும் அவருடைய ஏற்றுமதிக் கோப்பும் படங்களும் மின்னஞ்சலில் போய்விடும், அதற்கு ஒரு நிரல் நானே எழுதித் தருகிறேன்.

பழையபதிவர்:
தம்பி, நீ பெங்களூரில் இருக்கிறாய். கல்யாணம் ஆகப்போகிறது என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருஷமும் அந்த நிரல் ஓடுமா?

நிரல்பையன்:
கல்யாணத்துக்கும் குறித்த நேரத்தில் தானாக ஓடுகிற கிரான் ஜாபுக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி?

பழையபதிவர்:
பத்து வருஷம் கழித்து உனக்கே தெரியும். சரி, விளையாட்டை விடு. சூப்பர் அட்மின் இரண்டு பேராவது இருக்க வேண்டும், ஒருவர் கோவில்பட்டியிலேயே இருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை காப்புக் கோப்பை வேறு கணினியில் இறக்கித் தளம் திறக்கிறதா என்று எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும். இதை எழுத்தில் வைத்தால் என் ஓடையைத் தருகிறேன். என் பதிவுகளைத் தரமாட்டேன்.

கரிசல்காட்டான்:
எழுத்தில் வைக்கிறேன். ஆனால் ஆசிரியர் குழு கூடவே கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எழுதியவர் கேட்டால் திருத்தித் தரலாம், அதை எந்தச் சட்டம் தடுக்கிறது?

கோர்ட்வாசல்:
அவர் கேட்டு, அவரே மாற்றி, அவரே வெளியிட்டால் ஒன்றும் தடுக்கவில்லை.

கம்மங்கொல்லை:
என் பேச்சு வழக்கில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். கடலை மிட்டாய்க் கம்பெனியில் வெல்லப்பாகு காய்ச்சுகிற வேலையைப் பற்றி ஒன்று எழுதி முடித்துவிட்டேன். படம் நாலு இருக்கிறது. யாருக்கு அனுப்புவது?

பழையபதிவர்:
எனக்கு அனுப்புங்கள் தங்கச்சி. இன்று ராத்திரியே உங்கள் பெயரில் பிளாக்கர் திறந்து தருகிறேன், பாஸ்வேர்டு உங்களிடம்தான் இருக்கும்.

கரிசல்காட்டான்:
அண்ணாச்சி, இது நியாயமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுங்கள்மா, டொமைன் வாங்கிவிடுவோம்.

கம்மங்கொல்லை:
ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. யார் முதலில் திறக்கிறீர்களோ அங்கே போடுகிறேன்.