28.5 டன் வெறும் காகிதக் கணக்கா? புளியரை வழி டிப்பர் லோடு

செங்கோட்டை டிப்பர்:
மனசில் கிடக்கும் கேள்வி, நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். என் பத்து சக்கர டிப்பருக்கு ஆர்சி புத்தகத்தில் மொத்த எடை 28.5 டன். 2018 ஜூலைக்கு முன்னால் இதே ரக வண்டிக்கு 25 டன்தான். மத்திய அரசு ஒரு அறிவிப்பு போட்டது, 3.5 டன் ஏறிவிட்டது. ரோடு அதே ரோடு, புளியரை மலை ஏற்றத்து எஸ் வளைவும் அதே வளைவு. சரி, அதை விடுங்கள். கிட்டத்தட்ட என் இன்ஜின் அளவு சக்தி உள்ள ஹார்ஸ் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) ஒன்று டிரெய்லரோடு 45.5 டன்னை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே கேரள எல்லையில் இருக்கிற கோட்டைவாசல் ஏறுகிறது, அது சட்டப்படி சரி. நான் 38.5 டன்னில் போனால் ஓவர்லோடு. இன்ஜின் இழுக்கிறது, சேசிஸ் தாங்குகிறது, அப்புறம் இந்த 28.5 எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திட்ட மட்டும் வராதீர்கள்.

ஆரியங்காவு டிரெய்லர்:
அண்ணாச்சி, நான் ஓட்டுவது அந்த 45.5 டன் வண்டிதான், அதனால் நானே சொல்கிறேன். என் ஹார்ஸில் 6 டயர், பின்னால் மூன்று ஆக்சில் டிரெய்லரில் 12, ஆக 18 டயர். 45.5 டன்னைப் பிரித்துப் பாருங்கள், டயருக்குச் சராசரியாக இரண்டரை டன் சொச்சம். உங்கள் வண்டியில் 10 டயர். 28.5 டன்னிலேயே ஒரு டயருக்கு 2.85 டன் வந்துவிடுகிறது, 38.5 என்றால் 3.85 டன். மொத்த எடையில் நீங்கள் என்னைவிடக் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு டயரும் சுமப்பதில் என்னைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பிரேக்கும் அப்படித்தான், எனக்கு ஐந்து ஆக்சிலில் பிடிக்கிறது, உங்களுக்கு மூன்றில். இழுக்கிற சக்தியை வைத்து இந்த எடையைப் போடவில்லை அண்ணாச்சி. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 11.5 டன், உங்கள் பின்பக்க இரட்டை ஆக்சிலுக்கு 21 டன், டிரெய்லரின் மூன்று ஆக்சிலுக்கு 27 டன் என்று தரையில் இறங்கும் பாரத்தை வைத்துத்தான் கூட்டியிருக்கிறார்கள்.

செங்கோட்டை டிப்பர்:
தம்பி, கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பெனிக்காரன் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்படிதானே செய்து விடுவான்? நான் பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறேன், முழு லோடிலும் வண்டி உட்காருவதே இல்லை. இங்கே பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

இலஞ்சி பட்டறை:
பட்டை போட்டால் வண்டி உட்காராது, அவ்வளவுதான். அந்தப் பட்டைக்குக் கீழே இருக்கிற ஆக்சில் ஹவுசிங், ஹப் பேரிங், பிரேக் டிரம், டயர் எல்லாம் பழையதுதானே? பட்டை போட்டதில் ஒரே ஒரு மாற்றம், முன்பு வண்டி உட்கார்ந்து காட்டிக்கொடுக்கும், இப்போது காட்டாது. உங்கள் டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 146/143 மாதிரி இரண்டு எண் இருக்கும். 146 என்றால் தனியாக ஓடும்போது 3,000 கிலோ, 143 என்றால் ஜோடியாக ஓடும்போது 2,725 கிலோ. பின்னால் எட்டு டயர், 21.8 டன். சட்டம் சொல்கிற 21-க்கும் அதற்கும் 800 கிலோதான் இடைவெளி. நீங்கள் 38.5 ஏற்றி, முன் ஆக்சிலில் ஏழரை போனாலும் பின்னால் 31 டன் உட்காருகிறது. டயருக்கு 3,875 கிலோ. கம்பெனிக்காரன் கூடுதலாக விட்டிருப்பான் என்று சொல்லும் அந்த இடம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. என்னிடம் வேலைக்கு வரும் டிப்பர்களில் பின் டிரம்மைக் கழற்றினால் உள்பக்கம் நீலம் பாய்ந்து கிடக்கும், விளிம்பில் இருந்து முடி போல வெடிப்பு ஓடியிருக்கும், லைனர் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருக்கும். ஓனர் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க அதையே கடைந்து போடச் சொல்வார். கடைந்த டிரம் மெலிந்தது, மெலிந்தது சீக்கிரம் சூடாகும். 28.5-க்குப் பதில் 38.5 என்றால் அதே இறக்கத்தில் பிரேக் விழுங்க வேண்டிய சூடு 35 சதவீதம் கூடுதல். உங்களுக்கு லோடோடு ஏறுவது எஸ் வளைவு, கோட்டைவாசல் தாண்டினால் தென்மலை வரை லோடோடுதான் இறக்கம். இன்ஜின் ஏற்றிவிடும் அண்ணே. இறக்கத்தில் அந்த இழுவை சக்தியை வைத்து என்ன செய்வது?

புளியரை அக்கா:
எங்கள் வீடு ரோட்டு ஓரம். ஏறும்போது கியர் மாற்றத் தவறி லாரி பின்னால் உருண்டு வருவதை வாசலில் நின்று பார்த்தவள் நான். கிளீனர் பையன் கட்டையைத் தூக்கிக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் ஓடுவான். அவனுக்கு என்ன வயது இருக்கும்? பின்னால் பள்ளிக்கூட வேன் நிற்கும். டன் கணக்கு எனக்கு வேண்டாம், அந்தப் பையன் அங்கே ஓடக்கூடாது.

செங்கோட்டை டிப்பர்:
அக்கா சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். எம்-சாண்டை யாரும் டன்னில் வாங்குவதில்லை. இங்கே யூனிட், அதாவது 100 கன அடி. புனலூர் பார்ட்டி 600 அடி வேண்டும் என்பார், 6 யூனிட். ஒரு யூனிட் ஏறக்குறைய 4.6 டன், தண்ணீர் இறங்காத ஈர மணல் என்றால் இன்னும் கனம். என் வண்டியின் வெற்று எடை 11 டன், சட்டப்படி நான் ஏற்றக்கூடியது 17.5 டன், நாலு யூனிட்டுக்கும் குறைவு. அவர் கேட்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. வாடகையோ யூனிட்டுக்கு. டீசல், தவணை, டிரைவர் படி எதுவும் யூனிட் பார்த்துக் குறையாது. நான் 4 யூனிட் என்றால் புக்கிங் ஆபீஸில் அடுத்த வண்டிக்கு போன் போடுவார்கள். மாட்டினால் பைன் கட்டிவிட்டுப் போகிறோம், அதையும் சேர்த்துத்தான் தொழில்.

ஆரியங்காவு டிரெய்லர்:
பைன் கட்டினால் முடிந்தது என்பது பழைய பேச்சு. 2019 செப்டம்பரில் இருந்து மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. உங்கள் 10 டன்னுக்கு 40,000 ஆகிறது. கட்டின பிறகும் கூடுதல் பாரத்தை இறக்காமல் வண்டியை நகர்த்த முடியாது. அதற்கு முன்பே, 2005-ல், அபராதம் கட்டினதற்காக அதே லோடோடு போக விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. இறக்கின மணலை அள்ள இன்னொரு வண்டி பிடிக்கணும். அதற்கு வாடகை யார் தருவார்?

செங்கோட்டை டிப்பர்:
சட்டம் எல்லாம் சரி. எடை மேடைச் சீட்டு இல்லாமல் வண்டியை வெளியே விடுகிற கிரஷரை யார் பிடித்தார்கள்? அந்தப் பிரிவிலேயே ஓட்டுபவரை மட்டும் அல்ல, ஓட்ட வைப்பவரையும் அனுமதிப்பவரையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. ரோட்டில் நிறுத்திக் கேட்பது என் டிரைவரை மட்டும்.

பிறவந்தூர் ரோடு வேலை:
இதில் நான் அண்ணாச்சி பக்கம். ஆனால் ரோட்டுக் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பக்கம் தார் போடுகிறவர்கள் நாங்கள். ரோட்டுக்கு வரும் சேதம் ஆக்சில் பாரத்தோடு சமமாக ஏறாது, தோராயமாக அதன் நான்காம் அடுக்கில் ஏறும். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் தனி ரோடு போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது. 21 டன் இருக்க வேண்டிய இரட்டை ஆக்சிலில் 31 டன் என்றால் பாரம் ஒன்றரை மடங்குதான், சேதம் நாலே முக்கால் மடங்கு. பதிமூன்று கண் ரயில் பாலம் தாண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் இடங்களில் மட்டும் தார் அலை அலையாக ஒதுங்கிக் கிடப்பதைப் பாருங்கள், மேட்டில் அப்படி இருக்காது.

இலஞ்சி பட்டறை:
கிரஷரை மடக்கணும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டிக்கு மேல் பலகை வைத்து உயர்த்தினது கிரஷர் இல்லையே அண்ணே. 6 யூனிட் கொள்ளும் பெட்டி இருக்கும் வரை 6 யூனிட்தான் கொட்டுவான்.

செங்கோட்டை டிப்பர்:
பலகையை எடுக்கிறேன், எல்லாரும் ஒரே நாளில் எடுத்தால். நான் மட்டும் எடுத்தால் வண்டி ஷெட்டில் நிற்கும், தவணைக்காரன் அதைக் கேட்க மாட்டான். வாடகையை டன்னுக்கு மாற்றச் சொல்லி சங்கத்தில் பேச யார் வருகிறீர்கள்?

ஆரியங்காவு டிரெய்லர்:
நான் வருகிறேன். சங்கத்துக்காரர்களோடு கிரஷர்காரர்களையும் புக்கிங் ஆபீஸ்காரர்களையும் அதே இடத்தில் உட்கார வையுங்கள். ஆனால் அதுவரைக்கும் 38.5 டன்னோடு கோட்டைவாசல் இறக்கத்தில் எனக்குப் பின்னால் வராதீர்கள் அண்ணாச்சி.