குசினித் தரை வழுக்குது, பெடியன்மாருக்குச் சூடு படுது: என்ன வழி?

கல்முனைக் கடை:
எங்கட கடைக் குசினியில பளபளப்பான டைல்ஸ். ராவில சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவினாலும், விடிய பொரிக்கிற தாச்சிக்கும் கழுவுற தொட்டிக்கும் இடையில திரும்ப வழுக்குது. காட்போட் மட்டையும் போட்டுப் பார்த்தம். கொதிக்கிற ஆணத்தோட ஆள் சறுக்கினா என்ன ஆகும்? தரையை உடைக்காமச் செய்ய வழியிருக்கா? சூடு பட்டா எல்லாரும் பற்பசை பூசுறாங்க, அது சரியா?

மட்டுநகர் சமையல்:
மட்டையை இண்டைக்கே எடுங்க. எண்ணெய் ஊறினா அதுவே வழுகும், விளிம்பும் காலைத் தட்டும்.
தூள் போட்ட கையோட தண்ணி ஊத்துறதுதான் பிழை. எண்ணெய் கழராது, பரவும். முதல்ல கடதாசியால எண்ணெயை ஒத்தி எடுங்க. பக்கற்றில சொன்ன அளவு தூளைச் சுடுதண்ணியில கரைச்சு ஊத்தி, காயவிடாம 5 முதல் 10 நிமிஷம் ஊற விடுங்க. பிறகு முரட்டுப் பிரஷால தேய்ச்சு, ரப்பர் வைப்பரால கானுக்குத் தள்ளி, நல்ல தண்ணியில ரெண்டு தரம் அலசி, காய வைங்க. தூள் கூடினா அதுவே படிஞ்சு வழுக்கும். அழுக்குத் தண்ணியில மொப்பை நனைச்சுத் துடைக்கிறது எண்ணெயைத் திரும்பப் பூசுற வேலை.
குசினிக்குள்ள பாட்டா செருப்பு வேணாம். முன்பக்கம் மூடின, வழுக்காத அடியுள்ள சப்பாத்து வாங்கிக் குடுங்க, அது முதலாளிட செலவு. காசு வந்தா தாச்சியடி டைல்ஸை மட்டும் சொரசொரப்பானதா மாத்துங்க.

அம்பாறை முதலுதவி:
பற்பசை, வெண்ணெய், முட்டை, ஐஸ் எதுவும் வேணாம். மோதிரம், மணிக்கூட்டை வீங்க முதல் கழட்டுங்க. ஓடுற குளிர்தண்ணியில 20 நிமிஷம் பிடிங்க. உடனே முடியாமப் போனாலும் 3 மணித்தியாலத்துக்குள்ள செய்தா பலன் இருக்கு. நம்ம பக்கத்து உச்சி வெயில்ல தாங்கித் தண்ணி கொதிக்கும், முதல் தண்ணியை விட்டுட்டுப் பிடிங்க, இல்லாட்டிக் கிணத்துத் தண்ணி. ஒட்டின உடுப்பை இழுக்காதீங்க. பிறகு சாப்பாடு சுத்துற மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்காமப் போட்டு மூடுங்க. காயம்பட்டவர்ட உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, கால், மூட்டு, வெள்ளையாப் போன தோல் எண்டா ஆஸ்பத்திரிதான். 1990க்கு அடிச்சா வாற சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மட்டுநகர் சமையல்:
ஒண்டு விட்டுப்போச்சு. கடை பூட்டுற அவசரத்தில சுடு எண்ணெயைத் தாச்சியோட தூக்க விடாதீங்க, மூடி வைச்சு விடிய வடிங்க. பொரிக்கேக்க பாதித் தாச்சிக்கு மேல எண்ணெய் வேணாம். மீனை ஈரம் ஒத்திட்டு, உங்களுக்கு எதிர்ப்பக்கமாச் சரிச்சு இறக்குங்க. எண்ணெய் பத்தினா தண்ணி ஊத்தவே கூடாது: தண்ணி அடியில போய் ஒரே நொடியில ஆவியாகி நெருப்பெண்ணெயை மேல வீசும். கிட்டப் போகலாமெண்டா கேஸைப் பூட்டி, உலோக மூடியைப் பக்கவாட்டில தள்ளி மூடி, ஆறும்வரை திறக்காதீங்க. கிட்டப் போக ஏலாட்டி எல்லாரும் வெளிய.